தர்மபுரியில் ஆவணப் புகைப்படம்: யாரை எடுப்பது, யாரிடம் கேட்பது?

ஸ்டுடியோக்காரன் (மொரப்பூர்), வெள்ளி இரவு 10.12

வணக்கம். மொரப்பூர் பக்கம் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் கேமராவைத் துடைத்து வைப்பதுதான் வேலை. அந்த மாதங்களில் உருப்படியாக ஏதாவது செய்யலாம் என்று ஓர் ஆசை. நம் பக்கத்தில் சாதியாலும் அதிகாரத்தாலும் அடிபட்ட ஊர்களை நிதானமாக, வருடக் கணக்கில் படமெடுத்து ஒரு தொகுப்பாக்க வேண்டும். வாச்சாத்தி, நத்தம் காலனி, சித்தேரி மலை ஊர்கள், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருளர் குடியிருப்புகள் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

சென்னையில் இணைய இதழ் ஒன்றில் இருக்கும் தெரிந்தவரிடம் சொன்னேன். “கறுப்பு வெள்ளையில் எடு. பாட்டிகளின் கை க்ளோசப் கண்டிப்பாக வேண்டும். அழுதால் இன்னும் நல்லது” என்றார். தாலி கட்டும் நேரத்தில் பெண்ணின் அம்மா அழுவதை மறக்காமல் எடுக்கச் சொல்வார்களே, அதே குரல். எனக்கு அது உறுத்துகிறது. அப்படியானால் எப்படி எடுப்பது என்றும் பிடிபடவில்லை.

எழுத்தில் அனுமதி வாங்க வேண்டுமா? முகம் தெரியலாமா? பெயர் போடலாமா? நிற்பவர்களுக்குப் பணம் கொடுப்பது சரியா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


அரூர்_டீச்சர், வெள்ளி இரவு 11.05

தம்பி, வாச்சாத்தி என்று எழுதியிருப்பதால் முதலில் அதைப் பற்றியே சொல்கிறேன். அரூரில்தான் வேலை பார்க்கிறேன். மலையடிவாரப் பிள்ளைகள் பலர் என்னிடம் படித்தவர்கள்.

1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் இறங்கினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. பெண்களும் குழந்தைகளும் சேலம் சிறை வரைக்கும் போனார்கள். வழக்கு சிபிஐ கைக்குப் போனதே 1995இல்தான். குற்றம் சாட்டப்பட்டவர்கள் மொத்தம் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் இறந்திருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023இல், அதே செப்டம்பர் 29இல், சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து தண்டனையை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றும் சொன்னது.

இத்தனைக்கும் வழக்கைத் தாங்கி நின்றது அந்தப் பெண்களின் சாட்சியம். படங்கள் பின்னால் வந்தவை. தீர்ப்பு நாள், நினைவு நாள் என்றால் வண்டி வண்டியாகக் கேமராக்காரர்கள் வருகிறார்கள். அதே மரத்தடி, அதே வரிசை. “கொஞ்சம் சோகமா பாருங்கம்மா” என்று ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டேன். முப்பது வருடம் கோர்ட்டுக்கு நடந்து அரசாங்கத்தையே ஜெயித்தவர்களை, தோற்றவர்கள் மாதிரி உட்காரவைத்து எடுத்துப் போவதில் என்ன ஆவணம் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. உங்கள் சென்னைத் தெரிந்தவர் கேட்பதும் அதைத்தான்.

பெயர் பற்றிக் கேட்டீர்கள். 1936இல் கலிபோர்னியாவில் டொரோதியா லாங் எடுத்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். கன்னத்தில் கைவைத்த ஒரு தாய், தோளில் சாய்ந்த குழந்தைகள். உலகத்தில் அதிகம் அச்சான படங்களில் அது ஒன்று. அந்தத் தாயின் பெயர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்று வெளியே தெரிந்தது 1978இல். நாற்பது வருடத்துக்கு மேல் அவர் வெறும் ‘தாய்’. நம் மாவட்டத்து நடுகற்களைப் பாருங்கள்: எந்த அரசன் காலத்தில், யார் மாட்டை மீட்கப் போய் எந்த ஊர்க்காரன் செத்தான் என்று பெயரோடு வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கல்தச்சனுக்கு இருந்த பொறுப்பு ‘பழங்குடி மூதாட்டி, தர்மபுரி’ என்று படக்குறிப்பு எழுதுகிறவருக்கு இல்லை.

ஆனால் பாலியல் வன்கொடுமை வழக்கில் பெயர் போடுவது சட்டப்படியே குற்றம். அதை வக்கீல் யாராவது விளக்கினால் நல்லது.


வெளிச்சம்_குறைவு (தர்மபுரி), சனி காலை 6.40

பத்திரிகையில் படமெடுத்து ஓய்ந்தவன். டீச்சரம்மா சொன்னதில் பெரும்பகுதி சரி. அனுமதி விஷயத்தில் மட்டும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் ரொம்பவும் பயப்படுகிறார்கள் என்பது என் எண்ணம்.

2012 நவம்பர் 7. ஒரு கலப்புத் திருமணம், பெண்ணின் தகப்பனார் தற்கொலை, அதைத் தொட்டு நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்று காலனிகளிலும் 200க்கு மேற்பட்ட வீடுகள் எரிந்தன. மறுநாள் காலை போனேன். எரிந்த பீரோவுக்கு முன்னால் நிற்கிற மனுஷியிடம் போய் ‘படம் எடுக்கலாமா, இங்கே கையெழுத்துப் போடுங்கள்’ என்றா கேட்க முடியும்? எடுக்க வேண்டும். அன்றைக்கு எடுக்காவிட்டால் ஒரு வாரத்தில் சாம்பலைக் கூட்டி அள்ளிவிடுவார்கள், அப்புறம் ‘இரண்டு குடிசைதான் எரிந்தது’ என்று சொல்ல ஆள் இருக்கும். சாட்சிக்கு எடுக்கிற படத்தை முதலில் எடு, வெளியிடும்போது கேள். இதுதான் நான் கற்ற பாடம்.

ரொம்பப் பேர் லூயிஸ் ஹைன் படங்களின் அழகைப் பேசுவார்கள். 1908இலிருந்து அமெரிக்க ஆலைகளில் குழந்தைத் தொழிலாளர்களை எடுத்தவர். பைபிள் விற்பவர், தீயணைப்பு ஆய்வாளர் என்று பொய் சொல்லி உள்ளே நுழைவாராம். முதலாளியிடம் அனுமதி கேட்டிருந்தால் ஒரு படமும் கிடைத்திருக்காது. அவர் கோட்டின் பித்தான்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று முன்கூட்டியே அளந்து வைத்திருப்பார். பிள்ளை எந்தப் பித்தான் வரை நிற்கிறதோ அது உயரம். சட்டைப் பைக்குள்ளேயே கையை விட்டுக் குறித்துக்கொள்வார். பெயர், வயது, உயரம், வேலை நேரம் எல்லாம் குறிப்பில் இருந்ததால்தான் அந்தப் படங்களைப் பொய் என்று தள்ள முடியவில்லை.

எனக்கு ஒரே ஒரு மனக்குறை. அன்றைக்கு நான் கொடுத்த படங்களில் ஒன்று ஒரு பத்திரிகையில் வந்தது. கீழே ‘இரு தரப்பினர் மோதல்’ என்று போட்டார்கள். எரிந்ததெல்லாம் ஒரே தரப்பு வீடு. படம் என்னுடையது, குறிப்பு அவர்களுடையது. தம்பி, குறிப்பை நீயே எழுது, அதை மாற்றக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்.


கேழ்வரகுக்களி (இப்போது பெங்களூரு), சனி காலை 9.22

நத்தம் காலனி இருக்கும் நாயக்கன்கொட்டாய்ப் பக்கம் எங்களுக்குச் சொந்தபந்தம் உண்டு. அந்த வருடம் நான் பள்ளிக்கூடம். ஐயா எடுத்த படங்கள் தேவைதான், அதில் சண்டை இல்லை. இழப்பீட்டுக்கும் வழக்குக்கும் உதவியிருக்கும்.

ஆனால் இன்றைக்கும் அந்த ஊர்ப் பெயரைத் தேடினால் வருவது கருகின சுவர்தான். அதற்கப்புறம் அந்த ஊரில் யாரும் படிக்கவில்லையா, வீடு கட்டவில்லையா, கல்யாணம் நடக்கவில்லையா? வேலைக்கு விண்ணப்பித்த இடத்தில் ஒருவர் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு “ஓ, அந்த எரிஞ்ச ஊரா” என்றார் என்று என் சித்தப்பா பையன் சொன்னான். எரித்தவர்களின் ஊரை யாரும் ‘எரித்த ஊர்’ என்று கூப்பிடுவதில்லை.

ஸ்டுடியோ அண்ணா, ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எந்தத் தெரு?


நடுநிலைவாதி_77, சனி காலை 10.03

இந்த மாதிரி இழைகளால்தான் மாவட்டத்துக்குக் கெட்ட பெயர். பத்து வருடம் முன்னால் நடந்ததை எதற்குக் கிளற வேண்டும்? ஒகேனக்கல் இருக்கிறது, கிருஷ்ணகிரி மாம்பழம் இருக்கிறது, தீர்த்தமலை இருக்கிறது. அதையெல்லாம் அழகாக எடுக்கலாமே. இப்போது யார் சாதி பார்க்கிறார்கள்?


கேழ்வரகுக்களி, சனி காலை 10.15

2024 பிப்ரவரியில் இதே தர்மபுரி மாவட்டத்தில் தோட்ட வேலைக்குப் போன பட்டியல் சாதிப் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றிக் கொடுத்தார்கள். வீடியோ பரவி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டு இரண்டு பேரைக் கைது செய்தார்கள். மாம்பழம் நன்றாகத்தான் இருக்கிறது சார். அதைப் பறிக்கிறவர் எந்த டம்ளரில் குடிக்கிறார் என்றும் பாருங்கள்.


நெறியாளர், சனி காலை 11.30

இதன்பின் வந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதற்கு இங்கே இடமில்லை. இழையைத் திறந்தே வைக்கிறேன். கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுங்கள்.


கிருஷ்ணகிரி_வக்கீல், சனி மதியம் 2.48

சட்டம் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். பொதுவாகச் சொல்வதுதான் இது. உங்கள் வேலைக்கு என்று தனியாக ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடக் கூடாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 228ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 72. பெயரை விட்டுவிட்டு முகத்தை மங்கலாக்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. வீட்டு வாசல், கழுத்தில் உள்ள மணி, பக்கத்தில் நிற்கும் மகள், எது ஆளைக் காட்டிக்கொடுத்தாலும் அது அடையாளம்தான். பாதிக்கப்பட்டவர் தானே முன்வந்து எழுத்தில் சம்மதம் கொடுத்தால் விதிவிலக்கு உண்டு. வாய்ச்சொல் உங்களைக் காப்பாற்றாது. குழந்தைகள் என்றால் இன்னும் கறார்: போக்சோ சட்டம் பிரிவு 23, இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 74. நம் மலை ஊர்களில் பள்ளியை நிறுத்திக் கல்யாணம் செய்து வைத்த பெண் பிள்ளைகளைப் படமெடுத்துப் போட்டு ‘விழிப்புணர்வு’ என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

அடுத்தது சாட்சியம். பெரியவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அப்படி எடுத்த படம் கோர்ட்டில் நிற்க வேண்டுமென்றால் கேமராவிலிருந்து வந்த மூல ஃபைல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படத்தில் எடுத்த தேதி, நேரம், கருவி விவரமெல்லாம் போயிருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தில் பிரிவு 63 படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் தர வேண்டும். அதில் ஃபைலின் ஹாஷ் மதிப்பையும் (ஃபைலில் உள்ளதை வைத்துக் கணக்கிடும், கைரேகை மாதிரியான ஒரு குறியீடு) குறிக்க வேண்டும். ஒரு புள்ளியைத் திருத்தினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். அதனால் மெமரி கார்டில் உள்ளதைத் தொடாமல் ஒரு பிரதி, வேலை செய்ய இன்னொரு பிரதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வெளியிடும்போது தலைகீழ். ஃபைலுக்குள் இருக்கும் இட விவரத்தை அழித்துவிட்டுப் போடுங்கள். மிரட்டலில் இருக்கும் குடும்பத்தின் வீட்டுக்கு வழிகாட்டும் பலகையாக உங்கள் படம் இருக்கக் கூடாது.

மலைப்பக்கம் காப்புக்காட்டுக்குள் போவதாக இருந்தால் வனத்துறை அனுமதி வாங்குங்கள். வாச்சாத்தியைப் படமெடுக்க வனத்துறையிடமா என்று சிரிப்பு வரும். வாங்கத்தான் வேண்டும்.


ஸ்டுடியோக்காரன், சனி இரவு 9.50

எல்லோருக்கும் நன்றி. வக்கீல் மேடம் எழுதியதைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

களி தம்பி கேட்டதற்கு நேராகவே பதில். நான் ஊர்த்தெரு. எங்கள் ஊரில் காலனி தனியாக, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. என் கல்யாண ஆர்டர்களில் முக்கால்வாசி எங்கள் ஆட்களுடையது. காலனிக் கல்யாணங்களும் எடுக்கிறேன். ஆனால் அங்கே சாப்பிட்டுவிட்டு வந்தால் வீட்டில் அம்மா ஒன்றும் சொல்வதில்லை, முகம்தான் மாறும்.


ஓசூர்_ரோல்_பிலிம், ஞாயிறு காலை 7.15

இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். மேலே உள்ள பதிவைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

நம் மொழியில் இந்த வேலையை அருமையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மதுரைப் பக்கத்து எம். பழனிகுமார், தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையையும், மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களையும் வருடக் கணக்கில் எடுத்தவர். அந்தப் பிள்ளைகளுக்கே கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார். வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் தன் குடும்பத்தையும் தன் ஊரையும் எடுக்கிறார். அவர் படங்களில் தலித் வீடு என்றால் பரிதாபம் கிடையாது; சிரிப்பும் தூக்கமும் தண்ணீரில் குதிப்பதும் இருக்கும். கூடங்குளம் அணு உலைப் போராட்டத்தை அந்தப் பக்கத்துக்காரரான அமிர்தராஜ் ஸ்டீபன் எடுத்தார். மூவருமே உள்ளே இருந்து எடுத்தவர்கள். அந்தப் படங்களின் பலம் அதுதான், அதை நீங்கள் காப்பியடிக்க முடியாது. நத்தத்துக்குப் போய் அதே மாதிரி எடுத்தால் இரண்டாம் தரமாகத்தான் வரும்.

ஆனால் நீங்களும் ஓர் இடத்துக்கு உள் ஆள். உங்கள் ஊர்த்தெருவுக்கு. அங்கே பழனிகுமார் போக முடியாது, நானும் போக முடியாது. நோட்டில் போட்ட பட்டியலைத் திரும்பப் பாருங்கள்: எல்லாம் அடிபட்டவர்கள் ஊர். அடித்தவர்கள் ஊர் ஒன்றாவது இருக்கிறதா?

நீங்கள் மட்டும் இல்லை, கேமரா என்ற கருவியே அப்படித்தான் பழகியிருக்கிறது. எட்கர் தர்ஸ்டன் என்று சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர், மண்டை அளக்கும் கருவியோடு ஊர் ஊராகப் போய் ‘சாதிகளையும் பழங்குடிகளையும்’ படமெடுத்து 1909இல் ஏழு தொகுதி போட்டார். அளந்தவரின் படத்தை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? வாச்சாத்தி என்றால் நமக்கு மனதில் வருவது அந்தப் பெண்கள். 215 குற்றவாளிகளில் ஒருவருடைய முகமாவது வருகிறதா?

மறுபக்கம் எடுத்தவர்களும் உண்டு. 1957 செப்டம்பர் 4, அமெரிக்காவில் லிட்டில் ராக். வெள்ளையர் பள்ளிக்கு முதல் நாள் போகும் எலிசபெத் எக்ஃபர்ட் என்ற 15 வயதுக் கறுப்பினப் பெண் புத்தகத்தோடு நடக்கிறாள். வில் கவுன்ட்ஸ் என்ற உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் எடுத்த படத்தில் நம் கண் முதலில் போவது பின்னால் வாயைக் கிழித்துக் கத்துகிற இன்னொரு பெண்ணின் முகத்துக்கு. வெறுப்பு எப்படி இருக்கும் என்று அந்தப் படம் காட்டிவிட்டது. கவுன்ட்ஸ் அந்த ஊர்க்காரர், வெள்ளையர். கூட்டத்தோடு கூட்டமாக நிற்க அவரால் முடிந்தது.

தென்னாப்பிரிக்காவில் டேவிட் கோல்ட்பிளாட் வேறு வழியில் போனார். கத்தலே கிடையாது. நிறவெறி உச்சத்தில் இருந்தபோது பாக்ஸ்பர்க் என்ற சிற்றூரில் வெள்ளைக்காரக் குடும்பங்களின் அன்றாடத்தை எடுத்தார்: புல்வெட்டுவது, நடன வகுப்பு, அழகிப் போட்டி, கிளப் கூட்டம். 1982இல் புத்தகமாக வந்தது. பார்த்தால் நல்லவர்கள், சாதாரண மனிதர்கள். அநீதியின் மேல் இவ்வளவு சவுகரியமாக உட்கார்ந்திருக்கிறார்களே என்பதுதான் அந்தப் படங்களில் நெஞ்சை அடைக்கிறது.

உங்களிடம் கல்யாண ஆல்பமே இருக்கிறது. பந்தியில் யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் கடைசியில் இலை எடுத்தார்கள் என்று உங்கள் ஹார்ட் டிஸ்கில் எத்தனை வருடம் தூங்குகிறதோ!


வெளிச்சம்_குறைவு, ஞாயிறு காலை 8.02

ஓசூர் தம்பி சொல்வது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிழைப்பை யார் பார்ப்பது? ஊர்த்தெருவின் வண்டவாளத்தை எடுத்துப் போட்டால் அடுத்த முகூர்த்தத்துக்கு ஒரு ஆர்டர் வராது. ஸ்டுடியோ கண்ணாடி உடையாமல் இருந்தால் லாபம்.

இன்னொன்று. கல்யாணத்துக்குக் கூலி வாங்கிக்கொண்டு எடுத்த படத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது தொழில் தர்மம் கிடையாது. அதைச் செய்யாதே தம்பி.


அரூர்_டீச்சர், ஞாயிறு காலை 9.30

கல்யாணப் படங்களைத் தொடக் கூடாது என்பதில் ஐயா பக்கம்தான் நானும். நம்பிக் கொடுத்த வீடு அது.

ஓசூர்க்காரர் சொன்ன திசை எனக்குப் பிடித்திருக்கிறது, ஒரு பயத்தோடு. ‘என் சாதியின் பாவத்தை நான் படமெடுக்கிறேன் பாருங்கள்’ என்று கண்காட்சி வைத்து, பேட்டி கொடுத்து, கடைசியில் அதுவும் எடுத்தவரின் பெருமையாகவே முடிந்துவிடக் கூடாது. களி தம்பியின் ஆட்கள் அதிலும் ஓரத்தில் நிற்கும் சாட்சிகளாகிவிடுவார்கள்.


ஓசூர்_ரோல்_பிலிம், ஞாயிறு காலை 9.55

டீச்சர், அந்தப் பயம் எனக்கும் உண்டு. இதைவிடக் கொடூரமான உதாரணம் ஒன்றும் ஞாபகம் வருகிறது. 1930 ஆகஸ்ட் 7, இந்தியானாவில் மேரியன் என்ற ஊர். இரண்டு கறுப்பின இளைஞர்களைக் கூட்டம் அடித்து மரத்தில் தூக்கியது. படமெடுத்தவர் லாரன்ஸ் பைட்லர், உள்ளூர் ஸ்டுடியோக்காரர், நம் நண்பர் மாதிரி கல்யாணம் குடும்பம் எடுக்கிறவர். ஆயிரக்கணக்கில் பிரிண்ட் போட்டு விற்றார். ஊர் சனம் நினைவுப் பொருளாக வாங்கிப் போனது. கூட்டத்தில் பலர் கேமராவைப் பார்த்தபடி நிற்கிறார்கள், ஒருவர் மரத்தைக் கைகாட்டுகிறார், வெட்கமே இல்லை. பிற்பாடு அதே படம்தான் அந்தக் கொடுமைக்கு எதிரான சாட்சியாக நின்றது.

ஆக, அடித்தவர் பக்கத்தை எடுத்துவிட்டாலே நியாயம் ஆகிவிடாது. எடுத்த படத்தை வைத்து அவர் என்ன செய்தார் என்பதுதான் கேள்வி. பைட்லர் கூட்டத்துக்கே விற்றார்.


நடுநிலைவாதி_77, ஞாயிறு காலை 10.20

தேவையில்லாமல் மானநஷ்ட வழக்கில் மாட்டப் போகிறார். பார்த்துக்கொண்டே இருங்கள்.


கிருஷ்ணகிரி_வக்கீல், ஞாயிறு காலை 11.12

77 சார் கிண்டலாகக் கேட்டாலும் கேள்வி சரியானது. தெரு, டீக்கடை, கோயில் வாசல், பஸ் ஸ்டாப் போன்ற பொது இடத்தில் உள்ளதை உள்ளபடி எடுப்பதற்கு பொதுவாகத் தடையில்லை. ஆபத்து படக்குறிப்பில் இருக்கிறது. டீக்கடையில் இரண்டு வகை டம்ளர் இருப்பதைக் காட்டலாம். அதன்கீழே ஒருவர் படத்தைப் போட்டு ‘சாதி வெறியர்’ என்று எழுதினால் அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில். எந்த நாள், எந்த நேரம், யாருக்கு எதில் கொடுத்தார்கள் என்று மட்டும் எழுதுங்கள். மீதி பார்க்கிறவருக்கே புரியும்.

பொதுக் கடையில், கோயிலில், நீர்நிலையில் நுழைய விடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அப்படி ஒன்று உங்கள் கண்முன் நடந்து நீங்கள் எடுத்திருந்தால், அது கண்காட்சிக்கு முன்னால் புகார் கொடுக்க விரும்புகிறவர் கைக்குப் போக வேண்டிய படம். நீங்களே முந்திக்கொண்டு பேஸ்புக்கில் போட்டால் புகார் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் அவகாசத்தை அவர்களிடமிருந்து பறிக்கிறீர்கள். அதே ஊரில் நாளைக்கும் கூலிக்குப் போக வேண்டியவர்கள் அவர்கள்.


கேழ்வரகுக்களி, ஞாயிறு மதியம் 1.40

அண்ணா, நேராகப் பதில் சொன்னதற்கு மரியாதை. நான் கேட்டது உங்களை மடக்குவதற்கு இல்லை. எங்கள் பக்கம் கேமராவோடு வருகிறவர்களிடம் இதை யாரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

ஓசூர் அண்ணன் சொன்னதைச் செய்யுங்கள். உங்கள் தெருவை எடுங்கள். நாங்கள் உள்ளே வந்து பார்க்க முடியாத இடம் அது. எங்கள் வீட்டுத் திண்ணை வரைக்கும் எத்தனையோ பேர் வந்து எடுத்துவிட்டார்கள். உங்கள் வீட்டுத் திண்ணையில் எங்கள் அப்பா எந்த இடத்தில் நிற்பார் என்று ஒரு படமும் கிடையாது.

அதற்காக எங்களை விட்டுவிடவும் வேண்டாம். காலனிக் கல்யாணத்துக்கு வருகிற ஸ்டுடியோக்காரர்கள் பாதிப் பேர் பழைய கேமராவைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ட்ரோன் கேட்டால் ‘உங்க தெருவுக்கு எதுக்கு’ என்கிறார்கள். ஊர்த்தெருவில் எடுக்கும் அதே லென்ஸ், அதே லைட், அதே ஆல்பம் காலனிக்கும் வரட்டும். அடி வாங்கியபோது எடுத்த படம் எங்களிடம் நிறைய இருக்கிறது. பாட்டி பட்டுப்புடவையில் நன்றாக நிற்கிற படம் என் வீட்டில் ஒன்றுகூட இல்லை.


ஸ்டுடியோக்காரன், ஞாயிறு இரவு 8.30

மத்தியானத்திலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்காரியிடமும் காட்டினேன். முழுவதும் படித்துவிட்டு, “முதலில் நம் வீட்டுத் திண்ணையை எடுங்கள், அத்தை என்ன சொல்கிறார்கள் பார்க்கலாம்” என்றாள். விளையாட்டுக்குச் சொன்னாளா என்று தெரியவில்லை.

வாச்சாத்தி, நத்தம் இரண்டையும் இப்போதைக்குப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். அங்கே எனக்கு வேலை இல்லை, கூப்பிட்டால் போகிறேன். எங்கள் ஊரிலேயே தொடங்குகிறேன். டீக்கடை, கோயில் திருவிழாவில் தேர் எந்தத் தெரு வரைக்கும் போய்த் திரும்புகிறது, தக்காளித் தோட்டத்தில் சாப்பாட்டு நேரத்தில் யார் எங்கே உட்காருகிறார்கள், எங்கள் தெருத் திண்ணைகள். கறுப்பு வெள்ளை வேண்டாம், கலர்தான். சாதாரணமாக இருக்கிறதே என்று பார்க்கிறவருக்குத் தோன்ற வேண்டும். யாரிடமும் பொய் சொல்லி எடுக்கப் போவதில்லை. ஊரைப் பற்றி எடுக்கிறேன் என்றே சொல்வேன், அது உண்மைதானே. கல்யாணப் படங்களைத் தொட மாட்டேன், ஐயா.

எடுத்ததை முதலில் காலனியில் ஐந்தாறு பேரிடம் காட்டப் போகிறேன். அவர்கள் ‘இது இப்படி இல்லை’ என்றால் அந்தப் படம் போகாது. என் தெருவில் எப்போது காட்டுவது என்று இன்னும் தைரியம் வரவில்லை. ஆர்டர் போகும் என்று ஐயா சொன்னது நிஜம். கொஞ்ச நாளைக்கு அரூர், ஊத்தங்கரைப் பக்கம் ஆர்டர் பிடிக்கலாமா என்று பார்க்கிறேன்.

களி தம்பி, அடுத்த முறை ஊருக்கு வரும்போது சொல்லுங்கள். பாட்டியை எடுக்கலாம். புடவை அவர் விருப்பம், லைட் என் பொறுப்பு. பணம் பேச வேண்டாம்.


கேழ்வரகுக்களி, ஞாயிறு இரவு 8.47

பணம் பேசுவோம் அண்ணா. ஊர்த்தெருவில் என்ன ரேட்டோ அதே ரேட். இல்லாவிட்டால் பாட்டி வர மாட்டார்.


வெளிச்சம்_குறைவு, ஞாயிறு இரவு 9.10

சரிதான்.

தம்பி, 35 எம்எம் லென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு தேர்த் திருவிழாவில் திணறுவாய். என்னிடம் பழைய 24 எம்எம் ஒன்று கிடக்கிறது, கொஞ்சம் பூஞ்சை பிடித்திருக்கிறது, துடைத்தால் போய்விடும். தர்மபுரி வந்தால் பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் பண்ணு.


கிருஷ்ணகிரி_வக்கீல், ஞாயிறு இரவு 9.34

சம்மதப் படிவம் ஒன்றைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதித் தருகிறேன். எப்போது வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், படத்தை எங்கெல்லாம் பயன்படுத்துவீர்கள், எங்கே பயன்படுத்த மாட்டீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அதை வாசித்துக் காட்டி, அவர்கள் பக்கத்து ஆள் ஒருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் உதவியாளர் சாட்சி போடக் கூடாது. இந்த வாரம் அரூர் கோர்ட்டில் ஒரு வழக்கு இருக்கிறது, வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் வந்தால் கையிலேயே கொடுக்கிறேன்.